கூடையை மீறிய ஆர்க்கிட்டும் உப்புத் தண்ணீரும்

ஆர்க்கிட்டுக்கு வயது ஏறுவது பின்பக்கத்தில்தான். முன்பக்கம் எப்போதும் இளசாகவே இருக்கும். டென்ட்ரோபியம் செடியை ஐந்தாறு வருஷம் ஒரே கூடையில் வளரவிட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஒரு விளிம்பில் இலை உதிர்ந்து, தோல் சுருங்கி, மஞ்சள் பாய்ந்த பழந்தண்டுகள் நிற்கும். எதிர் விளிம்பில் பளபளக்கும் இலையோடு புதுத்தண்டுகள் இருக்கும். அவற்றில் பாதி கூடையைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். நடுவில் மக்கிப்போன தேங்காய் மட்டையும் கரியும். வேர்கள் மரச்சட்டங்களின் சந்துக்குச் சந்து நுழைந்து வெளியே வந்து தொங்கும். "செடி பெருசாயிருச்சு, பிரிச்சு வைக்கணும்" என்று வீட்டில் பேச்சு எழுவது இந்தக் கட்டத்தில்தான்.

பேச்சு பேச்சாகவே நின்றுபோவதும் உண்டு. பூத்துக் குலுங்கிய செடியில் கத்தி வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் இந்தச் செடிக்குக் கத்தி அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் கூடை ஆர்க்கிட்டுக்கு எமனாக வருவது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். எதற்காகப் பிரிக்கிறோம், எப்போது பிரிக்கிறோம் என்பதே இங்கே அதனால் மாறிவிடுகிறது.

முதலில் செடியின் உடம்பு. டென்ட்ரோபியம், கேட்லியா, சீலோஜைன் போன்றவை பக்கவாட்டில் நகர்பவை. அடியில் ஒரு மட்டத்தண்டு ஊர்ந்து போகும். பருவம் வந்ததும் அதன் முனை மேல்நோக்கித் திரும்பி ஒரு தண்டாக எழும். நீரும் மாவுச்சத்தும் சேர்ந்து அது பொய்க்குமிழாக முதிரும். அந்தத் தண்டின் வளர்ச்சி அத்தோடு முடிந்தது. அடுத்த பருவத்தில் அதன் அடியிலுள்ள கண் ஒன்று விழித்து, மட்டத்தண்டைக் கொஞ்சம் முன்னே நீட்டி, அடுத்த தண்டை எழுப்பும். ஒரே செடி என்று நாம் பார்ப்பது வரிசையில் நிற்கும் பல தலைமுறைத் தண்டுகளை. ஒவ்வொன்றுக்கும் சொந்த வேர் உண்டு, சொந்தச் சேமிப்பு உண்டு, அடியில் உறங்கும் கண்ணும் உண்டு. பின்னால் சாகச் சாக முன்னால் பிறந்துகொண்டே இருப்பதால், இந்த வரிசைக்கு இத்தனை வருஷம்தான் ஆயுள் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 1861-இல் நட்ட புலி ஆர்க்கிட் இன்னும் அங்கே வளர்கிறது. காட்டில் இப்படிப்பட்ட வரிசை நடுவில் தானாகவே அறுந்துபோகும். இடையிலுள்ள பழந்தண்டுகள் மக்கிவிட்டால் இந்தப் பக்கம் ஒரு செடி, அந்தப் பக்கம் ஒரு செடி. அதே வேலையைத்தான் நாம் கத்தியால் கொஞ்சம் முன்கூட்டிச் செய்கிறோம்.

வாண்டா வகை வேறு. அது பக்கவாட்டில் நகராது. ஒற்றைத் தண்டாக மேலே மேலே போகும். அதைப் பிரிப்பது என்றால், வேரோடு கூடிய மேல்பாதியை வெட்டி வைப்பதுதான். சிங்கப்பூரின் தேசிய மலரான 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' இப்படித்தான் பரவியது. ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையாரின் செடியைத் தாவரவியலாளர் ரிட்லி 1893-இல் விவரித்து எழுதினார். பிறகு பெரும்பாலும் தண்டுத் துண்டுகள் வழியாகவே அது தோட்டம் தோட்டமாகக் கைமாறியது. எத்தனை வேலியோரங்களில் பூத்தாலும் மரபணுவில் அது ஒரே செடி. 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல் சிம்பிடியம் செடியின் முனைத் திசுவிலிருந்து செடிகளை வளர்த்துக் காட்டும்வரை, நல்ல ஆர்க்கிட் ஒன்றை அச்சு அசலாகப் பெருக்க வேறு வழி கிடையாது. ஒரு துண்டு வேண்டுமென்றால் சொந்தக்காரர் மனசு வைத்து வெட்டித் தர வேண்டும். அந்தக் காலத்து ஆர்க்கிட் விலைகளுக்கு ஒரு காரணம் இதுதான். இன்று நர்சரியில் வாங்கும் கலப்பின டென்ட்ரோபியம் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்தது. ஆகவே பிரித்த துண்டுக்குச் சந்தை மதிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை; அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பழந்தண்டின் அடியிலும் கண் இருக்கிறது என்றால், அது ஏன் வருஷக்கணக்கில் உறங்குகிறது? முன்முனை அதைத் தலைதூக்க விடுவதில்லை. தாவரவியலில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். வளரும் முனையிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கி, பின்னாலுள்ள கண்களை அடக்கி வைக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் கென்னத் திமனும் ஃபோல்க் ஸ்கூக்கும் அவரை இனச் செடி ஒன்றில் நுனியைக் கிள்ளி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்து, பக்கக் கண்கள் விழிக்காமலே இருப்பதைக் காட்டினார்கள். ஹார்மோன் மட்டும்தானா என்ற கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. 2014-இல் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு, நுனியை வெட்டியதும் கண்களுக்குச் சர்க்கரை கூடுதலாகப் போய்ச் சேர்வதுதான் முதல் தூண்டுதல் என்று சொன்னது. நுனி இருக்கும்வரை சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்கிறது. எப்படியானாலும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மட்டத்தண்டை அறுத்தால், பின்பக்கக் கண்ணுக்கு அடக்குமுறையிலிருந்து விடுதலை.

பயப்படுகிறவர்களுக்கு இதில் நல்லதொரு உபாயம் இருக்கிறது. செடியைக் கூடையிலிருந்து எடுக்கவே வேண்டாம். முன்பக்கம் நான்கு தண்டுகளை விட்டு, அடியிலுள்ள மட்டத்தண்டை மட்டும் அறுத்துவிட்டு, செடியை இருந்த இடத்திலேயே விடுங்கள். வேர் எதுவும் அசையவில்லை. செடிக்கு நடந்தது தெரியாது. சில வாரங்களில் பின்துண்டின் அடியில் பச்சை முண்டு ஒன்று புடைத்தால், அந்தத் துண்டு பிழைக்கும் என்று அர்த்தம். அதற்கப்புறம் பிரித்தால் போதும். புடைக்காவிட்டால் அந்தத் துண்டைத் தனியாக வைத்துக் கஷ்டப்படுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

இனி தண்ணீர். ஆர்க்கிட்டின் வேர் எந்தத் தண்ணீருக்குப் பழகியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் நின்று தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் தெரியும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி திருப்பூர் மாவட்டத்துக்குள்தான் வருகிறது. மேலே மழையும் மேகமும் தங்கும் காடுகளில் மரத்துக்கு மரம் ஆர்க்கிட் தொற்றியிருக்கும். கீழே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டி எடுக்கும் சமவெளி. பருத்தி விளைந்த பூமி. மலை ஆர்க்கிட்டையும் சமவெளிப் பருத்தியையும் ஒரே ஆள் கையில் எடுத்த காலம் ஒன்று இருந்தது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளை நடத்தினார். நீண்ட இழைப் பருத்தியை இந்த மண்ணில் வேரூன்ற வைப்பது அவருக்குக் கொடுத்த வேலை. அது பெரிதாகக் கைகூடவில்லை. பின்னாளில் இந்த வட்டாரத்தைப் பருத்திச் சந்தையாக்கியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி. ஆனால் அதே ஆண்டுகளில் அவர் வெளியிட்டுவந்த ஆறு தொகுதித் தாவரப் படநூலில் தென்னிந்திய ஆர்க்கிட்டுகள் ஏராளம். படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். இன்று அது வேறொரு பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. இருந்தாலும் இந்திய ஓவியர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு மரியாதை கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

அந்த மலைச்செடிகளின் வேரை உற்றுப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளை, தண்ணீர் பட்ட கணத்தில் பச்சை. வெளியே தெரியும் வெள்ளைப் படலத்துக்கு வெலாமன் என்று பெயர். செத்த செல்களின் வெற்றுக்கூடுகள் அடுக்கடுக்காக அமைந்த உறை அது. காட்டில் மழை தொடங்கியதும் மரப்பட்டையிலும் இலையிலும் படிந்த தூசு, எச்சம், தாதுக்கள் எல்லாம் முதல் சில நிமிட நீரில் கரைந்து இறங்கும். சத்தான தண்ணீர் அதுதான். பிறகு வருவது வெறும் நீர். அந்த முதல் நீரை நழுவவிடாமல் பிடிக்கத்தான் வெலாமன். கெர்ஹார்ட் ஸோட்ஸ், உவே விங்க்லர் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் 2013-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெலாமன் நனைந்து நிறைய ஆகும் நேரம் சில நொடிகள்தான். மின்னேற்றமுள்ள அயனிகளை அதன் செல்சுவர்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பின்னால் வரும் நீர் அவற்றை எளிதில் கழுவிக்கொண்டு போவதில்லை.

சத்துக்காகக் காத்திருக்கும் காட்டில் இது பெரிய வரம். உப்புத் தண்ணீர் ஊற்றும் ஊரில் இதே வரம் சாபமாகிவிடுகிறது. சோடியமும் குளோரைடும் அயனிகள்தானே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர்த் தண்ணீர் 1,000 என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் அது அதிசயமில்லை. தினமும் அரை லிட்டர் ஊற்றினால் அரை கிராம் உப்பு. முப்பது நாளில் 15 கிராம். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. கூடை வழியாகத் தாராளமாக ஓடி வடிந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் வாடகை வீட்டுப் பால்கனியில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவாரே என்று கொஞ்சமாகத் தெளித்து நிறுத்தினால், நீர் ஆவியாகும், உப்பு தங்கும். கூடைச் சட்டத்திலும் கரித்துண்டிலும் படியும் வெள்ளைப் பொருக்கு அதுதான். வேர்நுனி கருகும், இலைநுனி காயும். நாம் "தண்ணீர் பத்தவில்லை" என்று இன்னும் கொஞ்சம் அதையே ஊற்றுவோம்.

உப்பு முழுவதற்கும் திருப்பூரின் சாயப்பட்டறைகளைக் குற்றம் சொல்ல முடியாது. கடினப்பாறை நிலமும் குறைந்த மழையும் கொங்குக் கிணறுகளுக்கு எப்போதுமே கொஞ்சம் உப்பைக் கொடுத்துவந்தவை. 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்ற பிரிவினை பட்டறைகளுக்கு முந்தியது. ஆனால் சாயம் அதைப் பலமடங்காக்கியது. பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின்னேற்றம் கொள்ளும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னேற்றம் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தத்தான் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூட. சாயம் துணியில் ஏறும், உப்பு ஏறாது. போட்டது முழுக்கக் கழிவில் வெளியே வரும். அது வருஷக்கணக்கில் நொய்யல் ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றில் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு இங்கே கட்டாய நடைமுறையானது. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆகவே இங்கே ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். கூடை நிறைந்துவிட்டால் பழைய கூடையோடு அப்படியே பெரிய கூடைக்குள் இறக்கிவைத்து, சுற்றிலும் புது மட்டை நிரப்புவது பல ஊர்களில் வழக்கம். வேர் உடையாது என்பதால் கைதேர்ந்தவர்களும் அதைச் சொல்வார்கள். நல்ல தண்ணீர் உள்ள ஊருக்கு அது சரி. திருப்பூரில் அப்படிச் செய்தால் உப்பேறிய பழைய மட்டை செடியின் நடுவயிற்றில் அப்படியே இருக்கும். இங்கே செடி பெரிதானதற்காக அல்ல, மட்டை கெட்டதற்காகவே கூடை மாற்ற வேண்டும். சிறிய செடியானாலும் பொருக்கு படிந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். கூடையை அரைமணி நேரம் மழைத்தண்ணீரில் முக்கி வையுங்கள். வேர் வளைந்து கொடுக்கும். மரச்சட்டத்தோடு ஒட்டிய வேரைப் பிய்க்க வேண்டாம். சட்டத்தை வெட்டி, வேர் பிடித்த மரத்துண்டை அப்படியே விட்டுவிடலாம். பழைய மட்டையை உதிர்த்ததும் எந்த வேர் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பது உயிர்வேர். செத்த வேரை லேசாக இழுத்தால் உறை கழன்று கையோடு வரும். உள்ளே நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சும். அதை அடியோடு கத்தரித்துவிடலாம். பனியன் கம்பெனிச் செக்கிங் மேஜையில் பிசிறு வெட்டும் சின்ன ட்ரிம்மர் இதற்கு அருமையாகப் பயன்படும். மட்டத்தண்டை அறுக்க அது போதாது; கூரான கத்தி வேண்டும்.

வெட்டு ஆபத்தில்லை என்றாலும், சுத்தம் செய்யாத கத்தியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடோன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் என்ற இரண்டும் உலகெங்கும் ஆர்க்கிட் தோட்டங்களில் பரவியவை. ஒரு செடியின் சாறு பட்ட கத்தி அடுத்த செடியை வெட்டும்போது அவை கூடவே போகும். வந்தால் மருந்து கிடையாது. ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். செடிக்குச் செடி கத்தியைத் தீயில் பழுக்கக் காய்ச்சுங்கள், அல்லது புது பிளேடு எடுங்கள்.

ஒரு துண்டுக்கு மூன்று நான்கு தண்டு இருக்கட்டும். புது வேர் பிடிக்கும்வரை செடி உண்பது பொய்க்குமிழ்களில் இருக்கும் சேமிப்பைத்தான். ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் பிழைக்கலாம், ஆனால் பூக்க வருஷங்கள் ஆகும். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு எட்டுத் துண்டாக்குவதைவிட இரண்டோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தடவி ஆறவிட வேண்டும். கூடையில் வைக்கும்போது பழந்தண்டு விளிம்பை ஒட்டியும், புதுமுனை நடுவைப் பார்த்தும் இருந்தால் இன்னும் சில பருவம் நகர இடம் கிடைக்கும்.

மட்டையில் ஓர் எச்சரிக்கை. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பச்சை மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் நிறைய உண்டு. ஊறவைத்துக் கொட்டினால் கரைந்த உப்பு போகும். நாரின் செல்சுவரில் ஒட்டிய சோடியம் வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத் தள்ளிவிடும். ஏற்றுமதிக்கான மட்டையில் இதைச் செய்துதான் அனுப்புகிறார்கள். 'பஃபர் செய்தது' என்று கேட்டு வாங்கலாம். வெறும் கரியில் மட்டும் வைத்தால் நம்மூர்க் காற்றுக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். இரண்டு பங்கு கரிக்கு ஒரு பங்கு மட்டை என்பது இந்த வெயிலுக்குப் பொருந்தும்.

பிரித்த செடி ஆடக் கூடாது. புது வேரின் நுனி உரசினால் வளர்ச்சி நின்றுபோகலாம். குச்சியோடு சேர்த்துக் கட்ட இந்த ஊரைவிட நல்ல கயிறு வேறெங்கும் கிடைக்காது. கட்டிங் வேஸ்டில் சிங்கிள் ஜெர்சித் துணி ஒன்றை எடுத்து, விரலகலத்துக்குக் குறுக்கே நறுக்கி, இரு முனையையும் பிடித்து ஓர் இழு இழுங்கள். ஓரங்கள் தாமாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். பின்னலில் உள்ள கண்ணிகள் விரிந்து கொடுப்பதால் தண்டு பருத்தாலும் அறுக்காது. சுத்தப் பருத்தியாக இருந்தால் நாளடைவில் மக்கி உதிர்ந்துவிடும். அதற்குள் வேர் பிடித்திருக்கும். லைக்ரா கலந்தது மக்காது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

காலம் எது? நாட்காட்டியைவிடச் செடி சொல்வது சரியாக இருக்கும். பூ முடிந்து, முன்முனையில் தளிர் எழுந்து, அதன் அடியில் வேர் முளைகள் தலைகாட்டி இன்னும் நீளாமல் இருக்கும் நேரம் பொருத்தமானது. இங்கே கோடை மழைக்குப் பிறகு, வைகாசி ஆனியில் பெரும்பாலும் அது அமையும். அப்போது பிரித்தால் ஐப்பசி மழை வரும்போது புது வேர் அதைக் குடிக்கத் தயாராக இருக்கும். ஆடிக் காற்றுதான் இடையில் தொல்லை. சுவரோரம் மறைவாக, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். முதல் சில நாள் இலைக்கு மட்டும் காலையில் தெளித்தால் போதும்.

அப்புறம் எந்தத் தண்ணீர்? மழைநீர்தான் முதல் தேர்வு. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டிரம்மை வைத்தாலே நாலைந்து கூடைக்குக் கணிசமான காலம் வரும். முதல் மழையின் புழுதித் தண்ணீரை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆற்றுக் குடிநீர். ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீரும் ஆகும். ஆனால் பலர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுவது அதன் கழிவுக்குழாய்த் தண்ணீரை. வடிகட்டிய உப்பெல்லாம் அடர்ந்திருப்பது அதில்தான்; ஆர்க்கிட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. சாஃப்ட்னர் தண்ணீரும் ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது. சாயத் தொட்டிக்கு நல்லது, வேருக்குக் கெடுதல். கரைந்த திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 200-க்குக் கீழே இருந்தால் கவலையின்றி ஊற்றலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலைக்குப் போய்வரும் இடங்களில் மரக்கிளையோடு பெயர்த்த காட்டு ஆர்க்கிட்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். புலிகள் காப்பகத்திலிருந்து செடியைப் பெயர்த்து எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதுபோக, மழைநீரை மட்டுமே குடித்துப் பழகிய அந்த வேர் நம்மூர் போர்த் தண்ணீரில் வெகுநாள் தாங்காது. நம் காட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு அமைப்பு நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வளர்க்க வேண்டுமென்றால் தெரிந்தவர் வீட்டுக் கூடையிலிருந்து நான்கு தண்டுள்ள ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். பிரிக்க வேண்டிய செடி அவர்களிடம் அநேகமாக இருக்கும்.